கூற்றும் கேட்போரும்: கொரியப் பாடகரும் அவர்தம் சுவைஞரும்

செய்யுளுக்குரிய உறுப்புகளை எண்ணிக் கூறப் புகுந்த தொல்காப்பியர், யாப்பும் தொடையும் கூறி அமையாது, கூற்று, கேட்போர், களன், பயன், எச்சம் என்பவற்றையும் உறுப்புகளாகவே கொண்டார். ஒரு சொல் யாருடையது, யார் கேட்கச் சொல்லப்பட்டது, எவ்விடத்து நிகழ்ந்தது என்னும் மூன்றனையும் தெளிந்த பின்னரே அதன் பொருளை உரைத்தல் வேண்டும் என்பது அகப்பாடல்களுக்கு உரை கண்டோர் நமக்கு விட்டுச் சென்ற நெறி. அந்நெறியை அகப்பாடலின் எல்லைக்கு அப்பாலும் கொண்டு சென்று, இற்றை நாளில் எண்ணிறந்தோர் நாள்தோறும் எழுதியும் படித்தும் வருகின்ற ஒரு பரப்பில் வைத்துப் பார்க்க முற்படுகின்றோம். ‘கே-பாப்’ என்று உலகெங்கும் வழங்கும் தென்கொரியப் பாடற்குழுக்களும், சமூக ஊடகங்களில் அவற்றைச் சூழ்ந்து நிற்கும் சுவைஞர் கூட்டமும், ஆணும் பெண்ணும் இன்னவாறு ஒழுக வேண்டும் என்னும் வரையறையை எவ்வாறு நெகிழ்த்தின, எவ்விடத்து நெகிழ்த்த மாட்டாது நின்றன என்பதே நம் ஆராய்ச்சிப் பொருள்.

இப்பொருள் பற்றிப் பரவலாக வழங்கும் கருத்து ஒன்று உண்டு. ஆடவர் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கின்றனர். உதட்டுக்குச் செந்நிறம் ஊட்டுகின்றனர். முத்தும் மெல்லாடையும் அணிந்து மேடை ஏறுகின்றனர். இவற்றைப் படமாகக் கண்ட கோடிக்கணக்கான இளையோர் ஆண்மை என்பதன் பழைய இலக்கணத்தை மறந்து வருகின்றனர் என்பதே அக்கருத்து. யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். சான்றுகளை ஆண்டு முறையில் அடுக்கிப் பார்த்த பொழுது அவ்வெண்ணம் நிலைபெறவில்லை.

ஒப்பனை செய்த ஆடவனைக் கொரிய மக்கள் நேற்றுக் கண்டாரல்லர். ‘மலர் போன்ற அழகன்’ எனப் பொருள்படும் ‘கொன்மினாம்’ என்னும் சொல் அந்நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருவழக்காகி விட்டது. இவ்வழகன் சுவைஞரால் விரும்பப்பட்டான்; நிறுவனங்களால் விற்கவும் பட்டான். ஆனால் அந்நாட்டின் சட்டமோ ஆடவர் அனைவர்க்கும் படைப்பணியைக் கட்டாயமாக்கியுள்ளது. 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் அரங்கேறி, உலகப் புகழ் எய்திய பிடிஎஸ் குழுவின் எழுவரும், 2022 திசம்பர் தொடங்கி 2025 சூன் முடிய, ஒருவர் பின் ஒருவராக அப்பணியை ஆற்றி முடித்தனர். மையும் செந்நிறமும் தீட்டிய முகம், குறித்த நாள் வந்தவுடன் தலைமயிர் மழித்துப் படையுடை பூண்டது. ஆடவனின் ஒப்பனைக்கு அந்நாடு அளித்த இசைவு ஒரு காலவரையறைக்கு உட்பட்ட இசைவே என்பது இதனால் பெறப்படும். ஆகவே, உடையும் ஒப்பனையும் பற்றிய பேச்சினை இவ்வளவோடு நிறுத்தி, சொல்லின்பாற் செல்வோம். உண்மையான போர் நடந்த களம் அதுவே.

சொல்லைப் பற்றிப் பேசுமிடத்துக் கொரிய மொழியின் இயல்பு ஒன்றனைக் குறித்தல் வேண்டும். தமிழில் வினைமுற்றே எழுவாயின் பாலைக் காட்டிவிடும். கொரிய மொழியில் வினைக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. உயர்வும் பணிவுமே வினையீற்றால் விளங்கும். ஆயினும், முறைப்பெயர்களில் பேசுவோரின் பால் வெளிப்படும். தன்னின் மூத்த ஆடவனைப் பெண் ‘ஓப்பா’ என்பாள். ஆண் ‘ஹியங்’ என்பான். மூத்த பெண்ணைப் பெண் ‘ஒன்னி’ என்பாள். ஆண் ‘நூனா’ என்பான். நம் மொழியில் ‘அண்ணன்’ என்று விளிப்பவர் ஆணா பெண்ணா என்பது அச்சொல்லால் விளங்காது. கொரிய மொழியில் விளங்கிவிடும். எனவே, பாடலில் காதலிக்கப்படுவோர் ஆணா பெண்ணா என்று தெரியாமலே ஒரு பாட்டு முழுவதும் நடக்கவும் கூடும். ஒரே ஒரு முறைப்பெயர் பாடுவோரின் பாலைக் காட்டிக் கொடுக்கவும் கூடும். மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்போர்க்கு இந்நுட்பம் புலனாகாது. சுவைஞர் தம் பதிவுகளில் இம்முறைப்பெயர்களை வேண்டுமென்றே மாற்றி வழங்கி விளையாடுவதன் பொருளும் அவர்க்கு விளங்காது.

இனி, 2016ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் காண்போம். அவ்வாண்டு மே 17ஆம் நாள் சியோல் நகரில் கங்நாம் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் ஓர் இளம்பெண் முன்பின் அறியாத ஆடவன் ஒருவனால் கொலையுண்டாள். பெண்கள் தன்னைப் புறக்கணித்தமையே காரணம் என்று அவன் கூறினான். நிலையத்தின் பத்தாம் வாயிலில் பெண்கள் திரண்டு சிறு தாள்களில் தம் துயரையும் சினத்தையும் எழுதி ஒட்டினர். கொரியப் பெண்களின் எழுத்து வரலாற்றில் அத்தாள்களுக்கு ஓர் இடம் உண்டு. அக்காலத்தையொட்டியே பிடிஎஸ் குழுவின் கொரியப் பெண் சுவைஞர் சிலர், அக்குழுவின் பழைய பாடல்கள் சிலவற்றிலும் உறுப்பினரின் பதிவுகள் சிலவற்றிலும் பெண்ணை இழிவுபடுத்தும் போக்கு இருப்பதை எடுத்துக்காட்டி, ட்விட்டரில் விளக்கம் கேட்டனர். 2014இல் வெளிவந்த ‘ஹார்மோன் போர்’ என்னும் பாட்டும், குழுத்தலைவர் ஆர்எம் 2015இல் தனியே வெளியிட்ட தொகுப்பின் பாட்டு ஒன்றும் அவர்கள் சுட்டியவற்றுள் அடங்கும்.

அச்சுவைஞர் கையாண்ட முறை நம் கருத்தைக் கவர்கின்றது. அவர்கள் பகைவர் அல்லர். அப்பாடல்களை வரி வரியாக மனப்பாடம் செய்தவர்கள். இசைத்தட்டுகளைப் பொருள் கொடுத்து வாங்கியவர்கள். அவர்கள் செய்ததோ உரையாசிரியர் செய்யும் பணி: வரியை எடுத்து வைத்தல், அவ்வரியில் பெண் எவ்வாறு நோக்கப்படுகின்றாள் என விரித்தல், அதே பாடகரின் பிற்காலப் பாட்டோடு ஒப்பிடுதல், பின்னர் வினா எழுப்புதல். அவர்களை எதிர்த்தோரும் சுவைஞரே. ‘நம்மவரை நாமே பழிக்கலாமா’ என்றும், ‘நீவிர் உண்மைச் சுவைஞர் அல்லீர்’ என்றும் எதிர்ப்புகள் எழுந்தன. சூலைத் திங்களில் நிறுவனம் விடையளித்தது. படைத்தோரின் கருத்து எதுவாயினும் அவ்வரிகள் பெண்ணை இழிவுபடுத்துவனவாகக் கொள்ளத்தக்கன என்பதைத் தாங்கள் உணர்ந்ததாகவும், அதற்கு வருந்துவதாகவும் அவ்விடை அமைந்தது. பின்னர்த் தம் வரிகளைப் பெண்ணியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டதாக ஆர்எம் கூறியதும் பதிவாகியுள்ளது.

இதனைக் கலைஞனின் உரிமையில் தலையிட்ட செயல் என்று கூறுவாரும் உளர். வணிக நிறுவனம் வாடிக்கையாளர்க்கு அஞ்சிற்று, அவ்வளவே என்று கூறுவாரும் உளர். பின்னதில் உண்மை இல்லாமற் போகாது. ஆயினும் முன்னதை யாம் உடன்படோம். பாட்டைத் தடை செய்க என்று அவர்கள் அரசிடம் கேட்டிலர். விளக்குக என்று பாடியவரிடமே கேட்டனர். புலவன் அவைக்கு விடை கூறக் கடமைப்பட்டவன் என்னும் அரங்கேற்ற மரபினை அறிந்த நமக்கு இது புதுமையன்று. புதுமை வேறோரிடத்தில் உள்ளது. அவ்வவையில் அமர்ந்தோர் பள்ளி மாணவியரும் அலுவலகப் பெண்டிருமாக இருந்தனர். பாட்டின் ‘கேட்போர்’ யாரெனப் பாடியவர் எண்ணியிருந்தனரோ, அவரல்லாதார் தாமே கேட்போர் என எழுந்து நின்றமையே அவ்வாண்டின் செய்தி. 2018 செப்டம்பர் 24ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவையில் ஆர்எம் ஆற்றிய உரையில், எந்நாட்டவர், எந்நிறத்தவர், எப்பாலுணர்வினர் ஆயினும் தம்மைத் தாமே எடுத்துரைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். அவ்வுரையைப் போற்றுவோர் 2016ஆம் ஆண்டின் அப்பெண் சுவைஞரை நினைவதில்லை. அவர்கள் பெயரும் எங்கும் இல்லை.

இதுவரை கூறியது வென்ற கதை. அதன் மறுபுறத்தைக் காட்டுவது 2018 மார்ச்சுத் திங்களில் நடந்தது. ‘ரெட் வெல்வெட்’ என்னும் பெண்கள் குழுவின் தலைவி ஐரீன், சுவைஞரைச் சந்தித்த கூட்டம் ஒன்றில், அண்மையில் என்ன படித்தீர் என்று கேட்கப்பட்டபோது சில நூல்களைக் குறிப்பிட்டார். அவற்றுள் ஒன்று, சோ நாம்ஜூ எழுதி 2016இல் வெளிவந்த ‘1982இல் பிறந்த கிம் ஜியோங்’ என்னும் நாவல். ஓர் எளிய பெண்ணின் பிறப்பு, கல்வி, பணி, மணம், மகப்பேறு ஆகியவற்றை, புள்ளிவிவரங்களும் சான்றுக் குறிப்புகளும் இடையிடப்பட்ட, பற்றற்ற நடையில் கூறும் நூல் அது. அதன் நடையை வறண்டது எனத் திறனாய்வாளர் சிலர் குறை கூறினர். யாம் அவ்வறட்சியையே அந்நூலின் வலிமை எனக் கொள்வோம்; நோயாளியின் ஏட்டை மருத்துவர் எழுதும் நடை அது என்பது நாவலின் இறுதியில் விளங்கும்.

ஐரீன் அந்நூலைப் புகழ்ந்து பேசவில்லை, விளக்கவுமில்லை. படித்தேன் என்றார். அவ்வளவில் ஆண் சுவைஞர் சிலர் அவர்தம் படங்களைக் கத்தரித்தும் எரித்தும், அச்செயலைப் படம் பிடித்து இணையத்தில் இட்டனர். தம்மைப் பெண்ணியலார் என அவர் அறிவித்துவிட்டதாக அவர்கள் பொருள் கொண்டனர். அதற்குச் சில கிழமைகள் முன்னர், ‘ஏபிங்க்’ குழுவின் நாயுன், பெண்கள் எதனையும் செய்ய வல்லவர் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் பொறித்த கைப்பேசி உறையோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் இட்டார். எதிர்ப்புப் பெருகவே அதனை நீக்கினார். அவ்வுறை ஆடை நிறுவனம் ஒன்று கொடுத்த அன்பளிப்பே என்று அவர்தம் நிறுவனம் விளக்கமும் அளித்தது. பெண்ணால் எதுவும் இயலும் என்று உறையில் எழுதியிருந்தது. அவ்வுறையை ஏந்தியதற்கே பெண் விளக்கம் கூற வேண்டியிருந்தது!

இவ்விடத்தில் ஒப்புநோக்கு இன்றியமையாதது. அதே நாவலை ஆர்எம்மும் படித்ததாகக் கூறியிருந்தார். நாடறிந்த நகைச்சுவையாளர் யூ ஜேசொக்கும் அதனைப் படித்ததாகக் கூறியிருந்தார். 2017 மே திங்களில் பாராளுமன்ற உறுப்பினர் நோ ஹோசான் அந்நூலை அந்நாட்டுத் தலைவர்க்கே பரிசளித்திருந்தார். அவர்தம் படம் எதுவும் எரிக்கப்படவில்லை. நூல் ஒன்று, கூற்றும் ஒன்று. கூறினார் மட்டும் வேறு. ஆடவன் வாயிலிருந்து வரின் அறிவின் பரப்பாகவும் பரிவாகவும் கொள்ளப்படும் சொல், பெண் வாயிலிருந்து வரின் கலகமாகக் கொள்ளப்படுகின்றது. இதனைக் கண்ட பின்னரே, மை தீட்டிய ஆடவனைக் கொண்டு பால் வரையறை தளர்ந்ததை அளக்கும் அளவுகோல் தவறானது என்னும் முடிவுக்கு யாம் வந்தோம். நெகிழ்வின் பயனை முதலில் பெற்றவனும் மிகுதியாகப் பெற்றவனும் ஆடவனே.

எரித்தோர் எதனை எரித்தனர் என்பதும் எண்ணத்தக்கது. பாடகியரின் படம் பொறித்த அட்டைகளை இசைத்தட்டோடு சேர்த்து விற்பது அத்தொழிலின் வழக்கம். அவ்வட்டையில் இருப்பவள் முறுவலிப்பாள், பேசமாட்டாள். அவள் ஒரு நாவலைப் படித்துவிட்டாள் என்றவுடன் அட்டைக்கும் ஆளுக்கும் இடையே பிளவு தோன்றிற்று. அப்பிளவைப் பொறுக்கமாட்டாமையே தீ மூட்டிற்று எனலாம். மறுபுறத்தில், பெண்கள் பலர் ஐரீனுக்கு ஆதரவாக எழுதினர். நாவலின் விற்பனையும் அந்நாட்களில் உயர்ந்தது. 2018 இறுதிக்குள் அது பத்து இலட்சம் படிகளைக் கடந்தது. படத்தை எரித்தவர்கள் நூலைப் பரப்பினர்.

‘எஃப் எக்ஸ்’ என்னும் குழு 2009இல் அரங்கேறியது. ஐவருள் இருவரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஆம்பர் லியூ அமெரிக்காவில் பிறந்த தைவானிய மரபினர். குட்டை மயிரும் காற்சட்டையுமாகவே மேடையில் நின்றார். அவரைக் காணுந்தோறும் அவர் ஆணா பெண்ணா என்று எழுதுவோர்க்குக் குறைவில்லை. 2017 அக்டோபரில் அவர் யூடியூபில் ஒரு சிறு படம் வெளியிட்டார். ‘என் மார்பு எங்கே’ என்பது அதன் தலைப்பு. தம்மைப் பழித்து எழுதப்பட்ட குறிப்புகளைத் தாமே படித்து, காணாமற்போன மார்பினைத் தேடி நண்பர் ஒருவருடன் தெருத்தெருவாக அலைவதாக அப்படம் செல்லும். எள்ளல் சுவை எள்ளியோர் மீதே திரும்பிய அழகிய எடுத்துக்காட்டு இது. எள்ளுவோரின் சொல்லை மாற்றாது அப்படியே எடுத்து, அதனை உண்மையெனக் கொண்டு நடந்து காட்டும் பொழுது, அச்சொல்லின் பொருளின்மை தானே வெளிப்பட்டு விடுகின்றது. உரை தேவையில்லை, நடிப்பே உரையாகின்றது.

மற்றொருவர் சுல்லி. அவர் 2015இல் குழுவினின்றும் நீங்கினார். மார்க்கச்சு அணியாத தம் படங்களை இன்ஸ்டாகிராமில் இட்டார். ஒவ்வொரு படத்தின் கீழும் வசை குவிந்தது. 2019 ஏப்ரல் 11ஆம் நாள் கருக்கலைப்புத் தடைச் சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதனை வரவேற்று எழுதினார். அவ்வாண்டு சூனில் தொடங்கிய, வசைக் குறிப்புகளை அவற்றுக்கு ஆளானோரே படித்து விடையிறுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நடத்துநர்களுள் ஒருவராக அமர்ந்து, மார்க்கச்சு என்பது அணிகலன் போன்றதே. சில ஆடைக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது என்றார். ஆம்பரின் படத்தில் நாம் கண்ட எள்ளல் ஈண்டு இல்லை. அவர் வாதாடவுமில்லை. ஒரு செய்தியைச் செய்தியாகக் கூறினார். அவ்வெளிமையே அவரை வசைக்கு ஆளாக்கியது போலும். எதிர்த்துப் பேசுவாரோடு வழக்காடலாம். வழக்கே இல்லை என்பாரோடு என் செய்வது?

2019 அக்டோபர் 14ஆம் நாள் சுல்லி மறைந்தார். அவர்க்கு அகவை 25. அம்மாத இறுதியில் ‘தாவும்’ தளமும், 2020 மார்ச்சில் ‘நேவர்’ தளமும் கலைஞரைப் பற்றிய செய்திகளின் கீழ்க் கருத்துரைக்கும் இடத்தை அடைத்துவிட்டன. களன் அடைக்கப்பட்டது, கூற்று அடங்கவில்லை. வேறு தளங்களுக்கு அது குடிபெயர்ந்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று பொற்பதக்கம் வென்ற வில்லாளர் ஆன் சான், பாடகியல்லர் ஆயினும், குட்டை மயிர் வைத்திருந்தமைக்காக அதே வசைக்கு ஆளானார். அப்பொழுது பெண்கள் பலர் தம் குட்டை மயிர்ப் படங்களை இட்டு அவர்க்குத் துணை நின்றனர். சுல்லியின் படங்களுக்குக் கீழே அத்தகைய அணிவகுப்பு அவர் வாழ்நாளில் எழவில்லை என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம்.

சுவைஞரின் எழுத்தில் இலக்கிய மாணவர்க்கு நேரே உரிய பகுதி ஒன்று உண்டு. அது அவர்கள் புனையும் கதை. 1996இல் அரங்கேறிய எச்.ஓ.டி. குழுவின் காலம் தொட்டே, இளம்பெண்கள் அக்குழுக்களின் ஆடவர் இருவர் தம்முள் காதல் கொள்வதாகக் கதைகள் எழுதி, கணினி வழியே தமக்குள் பகிர்ந்து வந்தனர். கதை மாந்தர் ஆண்கள். எழுதுவோரும் படிப்போரும் பெண்கள். இதனை வெறும் இளமை வேட்கை எனத் தள்ளுவது எளிது. கூற்று நெறியால் நோக்குவார்க்கு அவ்வாறு தள்ள இயலாது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியதை நாம் அறிவோம். ஆண் பெண்ணாகிப் பேசும் பொழுது, ஆணுக்கு வழக்கு மறுத்த நெகிழ்ச்சியும் காத்திருத்தலும் அவனுக்குக் கிடைக்கின்றன. கொரிய மாணவி ஆடவன் வாயாகப் பேசும் பொழுது, பெண்ணுக்கு வழக்கு மறுத்த முன்முயற்சி அவளுக்குக் கிடைக்கின்றது. கதையில் காதலைத் தொடங்குபவனும் அவளே; மறுப்பவனும் அவளே; எவர் கண்ணுக்கும் பொருளாகாது பிறரை நோக்குபவளும் அவளே. ஆழ்வார்க்கு இறைமை பற்றுக்கோடு; இவளுக்கு அது இல்லை. ஆதலின் இவ்வொப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் தகாது. அக்கதைகளைப் படித்த பெண்கள் சிலர் அப்பாடகரைப் போலவே மயிர் குறைத்து, உடை அணிந்து, பெண்ணைப் பெண்ணே விரும்புதல் பற்றித் தம்முள் பேசத் தொடங்கினர் என்பதும் அக்காலத்தைப் பற்றி எழுதியோர் குறித்த செய்தி. கொரிய மொழியில் அத்தகையோர்க்கெனத் தனிப்பெயரே தோன்றியது.

இக்கதைகளில் குறை இல்லாமலில்லை. உயிருடன் உள்ள மனிதரைப் பெயர் சுட்டி, அவர் இசைவின்றி, காமக் கதைக்கு மாந்தராக்குதல் முறையா என்பது நேரிய வினா. அதற்குச் சுவைஞர் கூறும் விடைகள் எமக்கு நிறைவு தரவில்லை. 2021 சனவரியில் இத்தகைய கதைகளை எழுதுவோரைத் தண்டிக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தலைவர் மாளிகையின் தளத்தில் விண்ணப்பம் இடப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதே கிழமையில் மற்றொரு விண்ணப்பமும் இடப்பட்டது. பெண் பாடகியரின் முகத்தை இழிந்த படங்களில் பொறிவழி ஒட்டிப் பரப்புவோரைத் தண்டிக்க வேண்டும் என்பது அது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். முதல் விண்ணப்பத்தில் குற்றஞ்சாட்டப்பட்டோர் பெரும்பாலும் பெண்கள், இரண்டாவதில் ஆண்கள். இரு சாராரும் ‘நீவிர் செய்ததற்கு ஈடு’ என்று ஒருவரையொருவர் சுட்டினர்.

இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை என்பது எம் துணிபு. கதையைப் படிப்பவர் அது கதை என அறிந்தே படிக்கின்றார். ஒட்டிய படத்தைக் காண்பவர் அதனை மெய்யெனக் காணுமாறு செய்யப்படுகின்றார். முன்னதில் எழுதியவளின் கூற்று எழுதியவளுடையதாகவே நிற்கின்றது. பின்னதில் பாடகியின் உடலே அவள் கூறாத கூற்றினைக் கூறுமாறு ஆக்கப்படுகின்றது. ஆயினும், முதல் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டோர் அனைவரும் பகையால் ஒப்பமிட்டனர் என்று யாம் கூறோம். அவர்களுள், தம் பெயர் கதையில் வருவதை விரும்பாத ஓர் இளம் பாடகனின் நிலையை எண்ணியவர்களும் இருந்திருத்தல் கூடும். ஐரீனின் அட்டையை எரித்தவனும், எச்.ஓ.டி.யின் கதையை எழுதியவளும், 2016இல் வரி வரியாக வினவிய மாணவியும் ‘சுவைஞர்’ என்னும் ஒரே பெயராலேயே இன்றும் வழங்கப்படுகின்றனர். நம் ஆராய்ச்சியாளர் அப்பெயரைக் கையாளுமிடத்து, இம்மூவருள் எவரைக் கருதினர் என்பதை இனியேனும் தெளிவுறக் கூறுதல் வேண்டும்.